மேலே இருக்கிற அஞ்சு வரிசை

காலைக் கொஞ்சம் அங்கிட்டு வச்சுக்கங்க தம்பி, பையில பாட்டில் இருக்கு. ஐயையோ, நீங்க நினைக்கிற பாட்டில் இல்ல. அதைத் தூக்கிக்கிட்டுக் காலங்காத்தால கன்னியர் மடத்துக்குப் போவேனா? இது இத்தாலிப் பாட்டில். என் வேட்டியில ஒரு சுத்து, எஞ்சம்சாரம் சேலையில ஒரு சுத்து சுத்தி வச்சிருக்கேன். இதுல எம்பேரு போட்டிருக்கு. சத்தியமா! இத்தாலிக்காரன் பாட்டில்ல இராயப்பன்பட்டிக்காரன் பேரு. சொல்றேன், சொல்றேன். நீங்க எங்க இறங்கணும்? உசிலம்பட்டியா? நல்லதாப் போச்சு. எதுக்கு நல்லதுங்கிறதையும் சொல்றேன்.

எம்பேரு சவரியப்பன். உத்தமபாளையம் பக்கம் இராயப்பன்பட்டி. ரெண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை, பந்தல் போட்டது. பத்து வயசுல பந்தலுக்கு அடியில குனிஞ்சவன், அம்பத்தி மூணு ஆகுது, இன்னும் முழுசா நிமிரலை. எங்க சித்தப்பா மக ரெஜினா, சிஸ்டரா இருக்கு. இத்தாலியில ஆல்பான்னு ஒரு ஊரு, அங்க மடத்துல. இப்ப லீவுல மதுரை மடத்துக்கு வந்திருக்கு. அதைப் பாக்கத்தான் போறேன். ஒரு கடுதாசி வாசிக்கணும்.

இந்தா, சட்டைப் பையில இருக்கு பாருங்க. பதினோரு நாளா இங்கேயேதான் இருக்கு. இத்தாலியில இருந்து வந்தது. ஒர்னெல்லாம்மா கைப்பட எழுதுனது. நான் போன வருஷம் ஒம்போது மாசம் அவுக தோட்டத்துலதான் வேலை பாத்தேன். இந்த வருஷம் மறுபடி வரச் சொல்லுதா, வேணாங்குதான்னு இதுல இருக்கு. வரத்தான் சொல்லியிருக்கும். ஏன் சொல்லாது? எனக்கு இத்தாலி பேச அறுபது வார்த்தை தெரியும், எழுத்துதான் தெரியாது. ஊர்ல எல்லார்கிட்டயும் வரச் சொல்லி வந்திருச்சுன்னு சொல்லிட்டேன். எப்படியும் அதானே எழுதியிருக்கும்.

அந்தக் கதையைக் கேளுங்க. ஆல்பாவுக்குப் பக்கத்து மலையில சான் கிராத்தோன்னு சின்ன ஊரு. அங்க டீனோ, ஒர்னெல்லான்னு புருசன் பொண்டாட்டி ரெண்டே பேரு. சொந்தத் தோட்டம், சொந்த வைன். வீட்டுக்குக் கீழ நிலவறை, நிலவறைக்குள்ள பீப்பாய். பீப்பாய்க்கும் கட்டிலுக்கும் நடுவுல ஒரு தளம்தான். ஏழு ஏக்கர். டீனோவுக்கு முதுகு போயிருச்சு. ஒர்னெல்லாம்மாவுக்கு முட்டி போயிருச்சு. மக மிலானுக்கு வேலைக்குப் போயிருச்சு. எல்லாம் போனப்புறம் ஆள் வேணும்னு ரெஜினாகிட்ட கேட்டிருக்காங்க. திராட்சை தெரிஞ்ச ஆளு யாருன்னா, எங்க அண்ணனை விட்டா உலகத்துலயே ஆளில்லைன்னு இது சொல்லியிருக்கு. சொன்னதுல தப்பில்ல.

பிப்ரவரியில போய் இறங்குறேன், மலை பூராம் பனி. எங்க ஊர்க் கோவில் என்ன கோவில் தெரியுமா? பனிமய மாதா கோவில். தலைமுறை தலைமுறையா பனிமய மாதான்னு கும்புடுறோம், ஒரு பய பனியைக் கண்ணால பாத்தது கிடையாது. நாந்தான் முதல்ல பாத்தேன். முட்டி போட்டுக் கும்புட்டேன். முட்டி அப்படியே விறைச்சுப் போச்சு, டீனோதான் தூக்கிவிட்டாரு. அவருக்கு முதுகு போனது அன்னைக்கு இன்னும் கொஞ்சம் போச்சு.

தோட்டத்தைப் பாத்தா, பந்தலே இல்ல தம்பி! கம்பியில கொடியை வரிசை வரிசையா நிக்க வச்சிருக்காய்ங்க, வீட்டுப்பாடம் எழுதாத புள்ளைகளை வெளிய நிப்பாட்டுன மாதிரி. காய் ஒவ்வொண்ணும் மணத்தக்காளி சைசு. அதுக்கு நெபியோலோன்னு பேரு வேற. வருஷத்துக்கு ஒரே வெள்ளாமை. எங்க ஊர்ல ரெண்டு வருஷத்துக்கு அஞ்சு வெள்ளாமைன்னு விரலை விரிச்சுக் காட்டுனேன். ஒர்னெல்லாம்மா அப்படியே நின்னுருச்சு. அப்புறம் ரெஜினாகிட்ட கேட்டுச்சாம், "அப்ப அந்தக் கொடி எப்பத்தான் தூங்கும்?" பொறாமை. பெரிய மனுசருக்குப் பொறாமை வந்தா இப்படிக் கேள்வியாத்தான் வரும்.

ஆனா கவாத்துல என்னை அடிச்சுக்க ஆளில்ல. நான் வெட்டுன கொடியைப் பாத்துட்டு டீனோ தலையை ஆட்டுனாரு. அவரு தலையை ஆட்டுறது மத்தவுக மேடை போட்டு மாலை போடுற மாதிரி. மனுசன் வாயே திறக்க மாட்டாரு. ஒம்போது மாசத்துல என்கிட்ட பேசுனது ஏழெட்டு வார்த்தை. எம்பேரு சவேரியார் பேருங்கிறதால அவுக மொழியில சவேரியோன்னு கூப்புடுவாய்ங்க. அந்த ஏழெட்டுல நாலு தடவை சவேரியோ போயிரும்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஆகஸ்டு வந்துச்சு. சின்னமனூர் வந்திருச்சா? இறங்குறவுக இறங்கட்டும், நீங்க உக்காருங்க.

ஆகஸ்டு அஞ்சாந்தேதி, எங்க பனிமய மாதா திருவிழா அன்னைக்கு, ஒர்னெல்லாம்மா என் கையில கத்திரியைக் கொடுக்குது. கொடியில காய் பச்சைப் பசேல்னு பிடிச்சிருக்கு. ஒரு குலையைக் காட்டி, இது இருக்கட்டும்னுச்சு. அடுத்த குலையைக் காட்டி, இதை வெட்டுன்னுச்சு. வெட்டி எங்க வைக்கன்னு கேட்டேன். கீழ போடுன்னுச்சு. மண்ணுல! நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு நினைச்சேன். அது கத்திரியை வாங்கி, டக்குன்னு வெட்டி, மண்ணுல போட்டு, காலால ஒதுக்கிட்டு அடுத்த கொடிக்குப் போயிருச்சு.

எனக்கு நெஞ்சுல அடிச்ச மாதிரி ஆயிருச்சு தம்பி. எங்க ஊர்ல ஒரு குலை கை தவறி விழுந்தாக்கூட மாதாவேன்னு எடுத்துத் துடைச்சுக் கண்ணுல ஒத்திக்குவோம். இங்க பாதியை வெட்டி மண்ணுக்குப் போடுங்குது.

ஞாயித்துக்கிழமை ரெஜினா வந்துச்சு. என்ன ஆத்தா இந்த அநியாயம்னு கேட்டேன். அது கேட்டுச் சொல்லுச்சு. ஒரு கொடிக்கு இவ்வளவுதான் சத்தாம். பத்துக் குலைக்குப் பங்கு வச்சா பத்தும் சப்புன்னு இருக்குமாம். அஞ்சுக்கு வச்சா அஞ்சும் தேனாட்டம் இருக்குமாம். அதுபோக, சர்க்கார் விதி இருக்காம். ஒரு கொடியில இத்தனை கிலோவுக்கு மேல காய்ச்சா அந்த வைன் பாட்டில்ல சான் கிராத்தோங்கிற ஊர்ப் பேரைப் போடக் கூடாதாம். அந்தப் பேருக்குத்தான் அங்க மரியாதை. பேரு இல்லைன்னா வைனைக் கேன்ல ஊத்தி வாரவன் போறவனுக்கு விக்க வேண்டியதுதான். ஒர்னெல்லாம்மா கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து ஒரு வருஷம்கூட அந்தப் பேரை விட்டதில்லையாம்.

நான் சொன்னேன், "ரெஜினா, எங்கம்மாவுக்கு நான் ஒம்போதாவது. பாதியை வெட்டிப் போட்டிருந்தா நான் எங்க இருக்கேன்? இதை அந்தம்மாகிட்ட சொல்லு."

"அண்ணே, இதையெல்லாம் போய்ச் சொல்ல முடியாது. பேசாம வெட்டுங்க"ன்னுருச்சு.

எப்படித் தம்பி பேசாம வெட்டுறது? எங்க தெருச் சுவர்ல அப்பவே சிவப்பு முக்கோணம் வரைஞ்சு, ரெண்டோட நிறுத்துன்னு எழுதி வச்சிருந்தான் சர்க்காரு. நர்ஸம்மா வந்து, எதுக்கு இத்தனை புள்ளைன்னு எங்கம்மாவை வையும். எங்கம்மா சொல்லுமாம், "எது நல்லா வரும்னு பூவுலயே தெரியுமாம்மா?" அதைக் கேட்டுட்டு நர்ஸம்மா காப்பியைக் குடிச்சுட்டுப் போயிருமாம். அந்த வயித்துல பிறந்தவன் கையில கத்திரியைக் கொடுத்தா?

வெட்டுனேன். கீழ இருந்து மேல வரைக்கும், அழுதுகிட்டே வெட்டுனேன். வெட்டுனதை மண்ணுல விடலை. கூடையில அள்ளிட்டு வந்து, உப்பு, மிளகாத்தூள் போட்டு ஊறுகாய் போட்டேன். டீனோ ரொட்டிக்கு அதைத் தொட்டுத் தின்னுட்டு ரெண்டாவது தடவை தலையை ஆட்டுனாரு. ஆனா உச்சியில, காட்டை ஒட்டி அஞ்சு வரிசை இருக்கு. ஒர்னெல்லாம்மா முட்டிக்கு அது ஏறாது. டீனோ முதுகுக்கும் ஏறாது. அந்த அஞ்சு வரிசையில நான் கத்திரியே வைக்கலை. ஒரு குலை, ஒரு காய் தொடலை. கேட்டதுக்கு, முடிச்சாச்சுன்னு சொல்லிட்டேன். அது பாவத்துல சேராதுன்னு எம்மனசு சொல்லுது, சாமியார் என்ன சொல்லுவாரோ தெரியாது.

வெயில் வேற. மழை இல்ல. அங்க கொடிக்குத் தண்ணி பாய்ச்ச மாட்டாய்ங்க, வேரு தானே தேடிக் குடிக்கணுமாம். புள்ளையைப் பெத்துத் தெருவுல விட்டுட்டுத் தானே தேடித் தின்னுன்னு சொல்ற மாதிரி. நான் விடுவேனா? அந்த அஞ்சு வரிசைக்குப் பொழுது விடியறப்ப ரெண்டு வாளி, சாயங்காலம் ரெண்டு வாளி. எல்லாக் கொடிக்கும் பத்தாது, முறை வச்சு ஊத்துனேன். செப்டம்பர்ல போய்ப் பாக்கணும் நீங்க. காய் ஒவ்வொண்ணும் நம்ம பன்னீர் மாதிரி பொதுபொதுன்னு, ஒரு கொடிக்குப் பதினெட்டுக் குலை, இருபது குலை. கீழ இருக்குற கொடியெல்லாம் ஏழு குலையோட நோஞ்சானா நிக்குது. என் அஞ்சு வரிசை மட்டும் கல்யாண வீடு மாதிரி.

தேனியில பத்து நிமிசம் நிப்பான். டீ குடிக்கிறீங்களா? வேணாமா? எனக்கும் வேணாம். கதை ஆறிரும்.

ஒருநாள் கார்ல ஒரு ஆளு வந்து இறங்குறாரு. கையில அட்டை, பேனா. ஒர்னெல்லாம்மா ஓடி வந்து கைகொடுக்குது, காப்பி போடுது, முகமெல்லாம் பவ்யம். நான் பாத்தவுடனே புரிஞ்சுக்கிட்டேன். எங்க ஊர்லயும் தோட்டக்கலை ஆபீசர் அட்டையும் பேனாவுமாத்தான் வருவாரு. எவன் தோட்டத்துல கொடிக்கு அதிகமாக் காய்ச்சிருக்குன்னு எண்ணிப் பாத்துப் பரிசு கொடுப்பாரு. எங்கப்பா ஒருதடவை எவர்சில்வர் அண்டா வாங்குனாரு. இன்னைக்கும் எங்க வீட்டுல அதுலதான் தண்ணி.

அந்த ஆளு கீழ ரெண்டு வரிசையில குலையை எண்ணுனாரு. எழுதுனாரு. சிரிச்சாரு. காருக்குக் கிளம்பிட்டாரு. ஏழு குலைக் கொடியைப் பாத்துட்டுப் போறானே, இவன் எப்படிப் பரிசு கொடுப்பான்! இந்தக் குடும்பத்துச் சோத்தைத் திங்கிறோம், இவுகளுக்கு ஒரு பரிசு வாங்கிக் கொடுக்க வேணாமா? ஓடிப் போய் அந்த ஆளு கையைப் பிடிச்சேன். மேல, மேல, வாங்க வாங்கன்னு இழுத்துக்கிட்டு ஏறுறேன். ஒர்னெல்லாம்மா கீழ இருந்து சவேரியோ, சவேரியோங்குது. சந்தோசத்துல கூப்புடுதுன்னு நினைச்சேன்.

தவளை தன் வாயால கெடும்பாக. நான் கையால கெட்டேன்.

அவரு மேல வந்து பாத்தாரு. ஒரு கொடியை எண்ணுனாரு. கண்ணாடியைத் துடைச்சுட்டு மறுபடி எண்ணுனாரு. வரிசைக்குத் தலைமாட்டுல என் வாளி வேற உக்காந்திருக்கு. அவரு வாளியைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. நான் நெஞ்சை நிமித்தி, இதெல்லாம் நாந்தான்னு காட்டுனேன். நிறைய எழுதுனாரு தம்பி. கீழ எழுதுனது ரெண்டு வரி. மேல எழுதுனது ஒரு பக்கம்.

அவரு போனப்புறம்தான் ரெஜினாவுக்குப் போன் போட்டுச் சமாச்சாரத்தைச் சொல்ல வச்சாய்ங்க. வந்தவரு பரிசு கொடுக்குற ஆளு இல்லையாம், விதிக்கு மேல காய்ச்சிருக்கான்னு பாக்குற ஆளாம். ரெண்டு நாள்ல அந்த ஆளு மறுபடி வருவாரு. அதுக்குள்ள மேல இருக்குறதைப் பாதிக்கு மேல வெட்டித் தள்ளணும். இல்லைன்னா அந்தச் சரிவு மொத்தத்துக்கும் இந்த வருஷம் ஊர்ப் பேரு கிடையாது.

அன்னைக்குச் சாயங்காலம் ஒர்னெல்லாம்மா மலை ஏறுச்சு. அந்த முட்டியை வச்சுக்கிட்டு, கம்பியைப் பிடிச்சுப் பிடிச்சு, ஒவ்வொரு எட்டுக்கும் மூச்சு வாங்கி ஏறுச்சு. நான் கை கொடுக்கப் போனேன், தட்டிவிட்டுருச்சு. மேல வந்து என் வாளியைக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்துச்சு. அஞ்சு வரிசையையும் பாத்துச்சு. வையும்னு நினைச்சேன். வையலை. கத்திரியை எடுத்து நீட்டுச்சு. நீயே வெட்டுன்னு அர்த்தம்.

கையில வாங்கிட்டேன். காயெல்லாம் பச்சை மாறிக் கருநீலம் ஓடி, குலை கனத்துத் தொங்குது. கையைத் தூக்குறேன், கை வரலை. வரவே இல்ல தம்பி. கத்திரியோட நின்னுக்கிட்டு அழுகுறேன், அம்பத்தி ரெண்டு வயசு ஆம்பளை. அப்புறம் எனக்குத் தெரிஞ்ச அறுபது வார்த்தையை வச்சுக்கிட்டு நானே சொல்லிட்டேன். அம்மா. புள்ளை ஒம்போது. நான் ஒம்போது.

அந்தம்மாவுக்கு முதல்ல புரியலை. விரலை விரிச்சுக் காட்டுனேன். பெரியவன் லாரி. அடுத்தவன் மிலிட்டரி. மூணாவது அக்கா. இப்படி எண்ணி எண்ணி, எட்டு விரலை மடக்கிட்டு ஒம்போதாவது விரலை என் நெஞ்சுல வச்சேன். அந்தம்மா என்ன கேட்டுச்சு தெரியுமா? "இதுல எது நல்ல புள்ளை?"

எனக்குக் கோவம் வந்திருச்சு. எங்கம்மா படுத்த படுக்கையா கிடந்துச்சு ஆறு வருஷம். எட்டு பேருக்கும் எட்டு சோலி. சோறு ஊட்டுனது யாரு, குளிப்பாட்டுனது யாரு, கடைசி வாய்த் தண்ணி ஊத்துனது யாரு? அம்புட்டுக்கும் எனக்கு வார்த்தை தெரியாது. அம்மா, சோறு, நான்னு மூணு வார்த்தையைச் சொல்லி, ஊட்டுற மாதிரி கையைக் காட்டுனேன்.

அந்தம்மா மறுபடி அஞ்சு வரிசையையும் பாத்துச்சு. அப்புறம் என் கையில இருந்து கத்திரியை வாங்கித் தன் பையில போட்டுக்கிட்டு, கையை நீட்டுச்சு. இந்தத் தடவை தட்டிவிடலை. பிடிச்சு இறக்கிக் கொண்டாந்து விட்டேன்.

மறுநாள் டவுனுக்குப் போய் ஏதோ எழுதிக் கொடுத்துட்டு வந்துச்சு. டீனோ மேல ஏறி, அஞ்சாவது வரிசைக்கும் ஆறாவது வரிசைக்கும் நடுவுல சிவப்புக் கயிறு கட்டுனாரு. கட்டுறப்ப முதுகைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்கிறாரு. என்னன்னா, என் அஞ்சு வரிசையைத் தனியாப் பிரிச்சாச்சு. கயித்துக்குக் கீழ இருக்குறதுக்கு ஊர்ப் பேரு. மேல இருக்குற அஞ்சுக்கு ஊர்ப் பேரு வேணாம்னு அந்தம்மாவே எழுதிக் கொடுத்துருச்சு. எதுக்கு வேணாம்னுச்சு? அதைவிடப் பெரிய பேரு போடத்தான். இது எங்க ஊர்ப் பயலுகளுக்குப் புரிய மாட்டேங்குது.

அக்டோபர்ல அறுத்தோம். என் அஞ்சு வரிசையைச் சின்னத் தொட்டியில தனியா நொதிக்க விட்டாங்க. அவுக தொட்டி சிவப்பு ரத்தமாட்டம் இருக்கு. என்னுது அழகான ரோஸ் கலரு. நவம்பர் பதினொண்ணு மார்ட்டின் சாமி திருநாள். அன்னைக்குத்தான் புது வைனைத் திறந்து குடிச்சுப் பாப்பாங்க. கூலிக்கு வந்தவுக வேலை முடிஞ்சு மூட்டை கட்டுறதும் அன்னைக்குத்தான், பழைய காலத்து வழக்கம். சொந்தக்காரங்க இருபது பேரு வந்திருந்தாங்க. என் வைனை ஊத்துனாங்க. ஒர்னெல்லாம்மா தம்பி ஒரு வாய் குடிச்சான், குடிச்சவன் பேச முடியாம எந்திரிச்சு வெளிய போயிட்டான். அவ்வளவு வேகம். மத்தவுக ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துச் சிரிக்கிறாங்க, என் முதுகைத் தட்டுறாங்க. இதை வெளிய விக்கிறதில்லைன்னு அங்கேயே முடிவாயிருச்சு. விலைமதிப்பு இல்லாததை எப்படி விக்கிறது?

மக மிலான்ல இருந்து வந்திருந்துச்சு. அதுதான் பாட்டிலுக்குப் படம் வரைஞ்சது. இருங்க, பிரிச்சே காட்டுறேன். இந்தா மீசை. இது எம்மீசை. கீழ எழுதியிருக்கு பாருங்க, சவேரியோ, ஒன்பதாவது. ஊர்ப் பேரு எங்கேயும் இல்ல, பாத்தீங்களா?

கிளம்புறப்ப நான் கேட்டேன், அடுத்த வருஷம் வரட்டான்னு. ஒர்னெல்லாம்மா டீனோவைப் பாத்துச்சு. டீனோ மேல மலையைப் பாத்தாரு. அந்தம்மா ஒரே வார்த்தைதான் சொல்லுச்சு. அந்த வார்த்தை என் அறுபதுல இல்ல. பிளேன்ல பூராம் மனப்பாடம் பண்ணிக்கிட்டே வந்து ரெஜினாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். பாப்போம்னு அர்த்தமாம்.

நம்ம பக்கம் பொண்ணு பாத்துட்டுப் போனவன் பாப்போம்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும். ஆனா அது இத்தாலிப் பாப்போம். வேற மாதிரியாக்கூட இருக்கலாம்ல?

ஆண்டிபட்டி கணவாய் வந்திருச்சு. காத்து அடிக்குது, சன்னலைச் சாத்துங்க. இன்னொண்ணும் சொல்லிர்றேன். ரெண்டு பாட்டில் கொண்டாந்தேன். ஒண்ணை எஞ்சம்சாரம் எடுத்துப் பன்றிக்கறியில ஒரு கரண்டி, வெங்காயத்துல ஒரு கரண்டின்னு ஊத்தித் தீத்துருச்சு. கறி என்னமோ பிரமாதமாத்தான் இருந்துச்சு. வைனைக் கறியில ஊத்துறியே, மரியாதை தெரியாதான்னு கேட்டேன். "காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு"ன்னுட்டுப் போகுது. இதுக்கும் காக்காய்க்கும் என்ன சம்பந்தம்?

இது யார்கிட்டயும் சொல்லாதது. ஊருக்கு வந்தப்புறம், எம்பந்தல்ல வடக்கு மூலையில ஒரே ஒரு கொடியில, பிஞ்சா இருக்குறப்பவே பாதிக் குலையை வெட்டிப் பாத்தேன். ஒரு கொடிதான். பழுத்தப்புறம் வாயில போட்டேன். தேன் தம்பி. நாப்பது வருஷமாத் திராட்சை திங்கிறேன், அப்படி ஒரு பழம் தின்னது கிடையாது. அந்தம்மா சொன்னது பொய் இல்ல. ஆனா அதை முழுங்கவும் முடியலை. கீழ விழுந்தது எது எதுன்னு மனசு எண்ணிக்கிட்டே இருக்கு. அதான் எனக்குப் பயம். பேரைக் கெடுக்கப் பாத்தவன், தோட்டத்தைத் தந்தா மறுபடியும் அதையேதான் செய்வான்னு அந்தம்மாவுக்குத் தெரியும். செய்வேன்தான். அப்புறம் எதுக்குக் கூப்புடும்?

உசிலம்பட்டி இன்னும் எவ்வளவு தூரம்? காமணி நேரமா? தம்பி, உங்க போன்ல படம் புடிச்சா வேத்து மொழியைத் தமிழ்ல சொல்லுமாமே. எம்மகன் போன்லயும் இருக்கு. அவன்கிட்ட கொடுத்தா பொழுது சாயறதுக்குள்ள டீக்கடைக்கு வந்துரும். ரெஜினா வாசிச்சாலும் அது முகத்தைப் பாத்துக்கிட்டு நான் உக்காந்திருக்கணும். நீங்கன்னா உசிலம்பட்டியில இறங்கிருவீங்க. வேணாம்னு எழுதியிருந்தா அது உங்களோட போயிரும். அதான் நல்லதாப் போச்சுன்னேன். இந்தாங்க. மடிப்புல கிழிஞ்சிருக்கு, மெதுவா.

வந்திருச்சா? வாசிங்க. மெதுவா வாசிங்க.

"அன்புள்ள சவேரியோ." சரி. "உங்கள் பீப்பாய் கிறிஸ்துமஸுக்குள் வினிகராக மாறிவிட்டது." என்னது? போன் தப்பாச் சொல்லுது. போனுக்கு என்ன தெரியும் வைனைப் பத்தி? சரி, மேல போங்க. "இது சான் கிராத்தோவின் மிகச் சிறந்த வினிகர். அண்டை வீட்டார் பாட்டிலுடன் வருகிறார்கள்." பாத்தீங்களா? மிகச் சிறந்த! அப்புறம்?

"மேலே உள்ள ஐந்து வரிசைகளை இன்னும் யாரும் கவாத்து செய்யவில்லை. டீனோ செய்யப் போனார். நான் தடுத்தேன். அவற்றுக்கு ஆள் உண்டு என்றேன்."

மறுபடி வாசிங்க. அந்த ஒரு வரி மட்டும். அவற்றுக்கு ஆள் உண்டு. சரி. சரி தம்பி. காத்து, கண்ணுல தூசி. வாசிங்க.

"மார்ச் கடைசிக்குள் வாருங்கள். சிவப்புக் கயிற்றை அவிழ்க்கவில்லை. ஆகஸ்டில் ஒரு வாரம் உங்களைக் கடற்கரைக்கு அனுப்புவோம். அந்த வாரம் கயிற்றுக்குக் கீழே நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேட்கக் கூடாது. உங்கள் ஒன்பது பேரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்."

கடற்கரைக்கா? நான் எதுக்குக் கடற்கரைக்கு? எனக்கு நீச்சலே...

ஓ.

நான் பாக்கக் கூடாதுன்னு.

ஒர்னெல்லாம்மா. அட, ஒர்னெல்லாம்மா! போறேன் தம்பி. கடற்கரையில போய்க் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்துக்கிறேன். போறதுக்கு முன்னாடி மேல இருக்குற அஞ்சு வரிசையையும் குலை குலையா எண்ணி வச்சிட்டுத்தான் போவேன், அது வேற விசயம்.

கண்டக்டர் கூப்புடுறாரு, உசிலம்பட்டி. இறங்குங்க. இருங்க இருங்க, இந்தப் பையில நம்ம தோட்டத்துப் பழம் இருக்கு, ஒரு குலை கொண்டு போங்க. இல்ல, வடக்கு மூலைக் கொடி இல்ல. இது கத்திரி படாத கொடி. கொஞ்சம் புளிக்கும் தம்பி. ஆனா ஒண்ணு விடாம எல்லாம் இருக்கு.